பள்ளியில் புனித பாட்ரிக் விழா அலங்காரம்

மார்ச் 17 அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பாட்ரிக்கின் திருநாள். அயர்லாந்தில் அன்று அரசு விடுமுறை. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பள்ளிகள் பூட்டியிருக்கும், பிள்ளைகள் ஊர்வலத்தில் நடக்கவோ வேடிக்கை பார்க்கவோ போயிருப்பார்கள். அதனால் அங்கே வகுப்பறைக் கொண்டாட்டம் முன்னதாகவே முடிந்துவிடும். அமெரிக்காவில் அது தேசிய விடுமுறை அல்ல. வார நாளில் வந்தால் பள்ளி வழக்கம்போல நடக்கும், விழாவும் பள்ளிக்குள்ளேயே நடக்கும். தங்கள் முன்னோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் 3 கோடிக்கும் மேல் வாழும் நாடு அது. நியூயார்க்கில் 1762 முதல் பாட்ரிக் ஊர்வலம் உண்டு. சிகாகோ நகரம் 1962 முதல் தன் ஆற்றையே அந்த நாளில் பச்சை நிறமாக்கி வருகிறது. இந்தச் சூழலில் ஒரு தொடக்கப் பள்ளி தன் வகுப்பறைகளையும் கூடத்தையும் அலங்கரிக்க நினைத்தால், மார்ச் மாதம் பிறந்ததும் கடைக்குப் போய்ப் பச்சை நிறத்தில் இருப்பதையெல்லாம் அள்ளி வருவதுதான் எளிய வழி. பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

அப்படி அள்ளி வருவதில் ஒரு குறை இருக்கிறது. கடையில் கிடைக்கும் பொட்டலங்களில் இருப்பவை பச்சைத் தொப்பி, தாடி வைத்த குள்ளன், நான்கு இலைச் செடி, தங்கக் காசு நிறைந்த பானை, பல சமயங்களில் நுரை ததும்பும் பீர் குவளை. இவற்றில் குள்ளனும் பானையும் அயர்லாந்து நாட்டார் கதைகளில் இருந்து வந்தவை. நான்கு இலைச் செடி பொதுவான அதிர்ஷ்டச் சின்னம். பாட்ரிக்குக்கு உரியது மூன்று இலைச் செடி. பீர் குவளையைப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாட்டக் கூடாது என்பதற்கு அது மதுவின் படம் என்பது மட்டுமே காரணம் அல்ல. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதே அளவுக்குக் குறையாத மக்கள் கடல் கடந்தார்கள். அகதிகளாக அமெரிக்கா வந்து சேர்ந்த அந்த ஏழைகளை அங்குள்ள பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்கள் குரங்கு முகம் கொண்ட குடிகாரர்களாகப் பல பத்தாண்டுகள் வரைந்து தள்ளின. லண்டனின் 'பஞ்ச்' இதழும் அதையே செய்தது. குடித்துத் தள்ளாடும் ஐரிஷ்காரன் என்ற படம் அங்கிருந்து வந்தது. அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டுவது ஒரு மக்களைப் பற்றிய பழைய வசையைத் தெரியாமல் திரும்பச் சொல்வதாகும். அலங்காரக் குழு முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது என்பது.

அடுத்தது நிறம். பச்சை மட்டுமே பாட்ரிக்கின் நிறம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் 1783இல் தொடங்கப்பட்ட புனித பாட்ரிக் வீரப்பட்டத்துக்கு உரிய நிறம் நீலம். அயர்லாந்துக் குடியரசுத் தலைவரின் கொடியில் இன்றும் நீலப் பின்னணியில்தான் தங்க யாழ் இருக்கிறது. 1790களில் 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' என்ற அமைப்பு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் திரண்டு 1798இல் கிளர்ச்சி செய்தபோது, பச்சை விடுதலையின் நிறமாக மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அலங்காரத்துக்கு இந்த வரலாறு நேரடியாகவே பயன்படும். அறை முழுக்க ஒரே பச்சையாக இருந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. ஒரு சுவருக்கு ஆழ்ந்த நீலத் தாளை விரித்து, அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு யாழை வெட்டி ஒட்டினால் அறைக்குள் நுழைபவர் கண் முதலில் அங்கேதான் போகும். சுற்றிலும் உள்ள பச்சைக்கும் அப்போதுதான் மதிப்பு வரும். பச்சையிலும் இளம்பச்சை, பாசிப்பச்சை, கரும்பச்சை என்று மூன்று சாயல்களைக் கலந்து வாங்குவது நல்லது. மழை ஓயாத அந்தத் தீவின் புல்வெளிகள் ஒரே பச்சையில் இருப்பதில்லை.

தேசியக் கொடியைத் தோரணமாகக் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்ற மூன்று செங்குத்துப் பட்டைகளில், கம்பத்தை ஒட்டி வருவது பச்சை. 1848இல் வாட்டர்ஃபோர்டு நகரில் தாமஸ் பிரான்சிஸ் மாகர் முதன்முதலில் பறக்கவிட்ட கொடி அது. பச்சை கேலிக் மரபினரையும், ஆரஞ்சு புராட்டஸ்டண்ட் மரபினரையும், நடுவே உள்ள வெள்ளை இருவருக்கும் இடையிலான அமைதியையும் குறிப்பதாகக் கொள்வர். 1937 அரசியலமைப்பு அதைத் தேசியக் கொடியாக உறுதி செய்தது. இடம் வலம் மாற்றிக் கட்டினால் அது ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கொடியாகிவிடும். தோரணம் கட்டும்போது அடிக்கடி நேரும் பிழை இது. கிடையாகத் திருப்பினால் இந்தியக் கொடியின் நிறங்களை நினைவூட்டும். மேசை விரிப்பாகவோ திரையாகவோ கொடியைப் பயன்படுத்துவது அயர்லாந்து அரசின் கொடி நெறிகளுக்குப் பொருந்தாது. நிறங்களை மட்டும் தனித்தனிக் காகிதப் பட்டைகளாக எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கொடிக்குப் பதிலாகக் கூடத்தின் குறுக்கே கட்ட, இன்னும் அழகான ஒன்று அயர்லாந்து ஊர்களிலேயே இருக்கிறது. 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் தீவின் 32 மாவட்டங்களையும் தனித்தனி அணிகளாக்கியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நிறச் சேர்க்கை உண்டு. கெர்ரிக்குப் பச்சையும் தங்கமும், கார்க்குக்குச் சிவப்பும் வெள்ளையும், கில்கென்னிக்குக் கறுப்பும் மஞ்சளும், மேயோவுக்குப் பச்சையும் சிவப்பும், கால்வேக்கு அரக்குச் சிவப்பும் வெள்ளையும், டப்ளினுக்கு இரண்டு நீலங்கள், வெக்ஸ்ஃபோர்டுக்கு ஊதாவும் தங்கமும். கோடைகாலப் போட்டிகள் நடக்கும்போது வீதிகள் எல்லாம் இந்த நிறத் தோரணங்களால் நிறைந்துவிடும். பிள்ளை ஒன்றுக்கு ஒரு மாவட்டம் என்று பிரித்துக் கொடுத்தால், ஒரு வகுப்பு ஒரே மதியத்தில் 32 முக்கோணக் கொடிகளைச் செய்துவிடும். ஒவ்வொன்றின் பின்புறமும் மாவட்டத்தின் பெயரை எழுதி, கீழே சுவரில் ஒரு வரைபடத்தையும் மாட்டினால், வருகிற பெற்றோர்களில் பலர் தங்கள் தாத்தா பாட்டியின் ஊரைத் தேடி அங்கே நிற்பார்கள். இத்தனை நிறங்கள் சேரும் தோரணம் அறைக்குத் தரும் களை எந்தப் பச்சை ஜிகினாவாலும் வராது.

ஷாம்ராக் என்கிற மூன்று இலைச் செடிதான் விழாவின் தலைமைச் சின்னம். தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்பதைப் பாட்ரிக் இந்த இலையைக் காட்டி விளக்கினார் என்பது கதை. பாட்ரிக் வாழ்ந்தது 5ஆம் நூற்றாண்டில். அவர் எழுதியதாக நிலைத்திருக்கும் இரண்டு நூல்களிலும் இந்தக் கதை இல்லை, எழுத்தில் அது கிடைப்பது 18ஆம் நூற்றாண்டில்தான். எந்தச் செடி உண்மையான ஷாம்ராக் என்பதிலும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. 1893இல் நதானியேல் கால்கன் என்ற இயற்கை ஆய்வாளர் நாட்டின் பல பகுதிகளில் இருந்து 'உங்கள் ஊர் ஷாம்ராக்கை அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். வந்தவற்றில் மிகுதியாக இருந்தது மஞ்சள் பூப் பூக்கும் சிறு குளோவர், அடுத்தது வெள்ளைக் குளோவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து 1988இல் மறுபடியும் கேட்டபோதும் விடை பெரிதாக மாறவில்லை. அமெரிக்கக் கடைகளில் மார்ச் மாதம் ஷாம்ராக் என்று தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் ஆக்ஸாலிஸ் இனம். தமிழ்நாட்டில் புளியாரை என்று கீரையாகச் சமைப்பதன் உறவுச் செடி. அதன் இலை இதய வடிவில் நுனி பிளந்திருக்கும், குளோவரின் இலையோ நீள்வட்டமாக இருக்கும். காகிதத்தில் மூன்று இதயங்களை ஒட்டி ஷாம்ராக் செய்யும் பள்ளி வழக்கம் ஆக்ஸாலிஸின் வடிவத்தைத்தான் காட்டுகிறது. விழாவுக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை. வித்தியாசத்தைப் பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடிக்கும்படி இரண்டு செடிகளையும் ஒரு மேசையில் வைத்தால் நல்ல பாடமாகும்.

உயிருள்ள செடியை வைத்து அலங்கரிக்க விரும்பும் பள்ளி பிப்ரவரி முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். வெள்ளைக் குளோவர் விதை மலிவு, எளிதாகக் கிடைப்பது. காகிதக் கோப்பையில் ஈரமண் நிரப்பி, விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிச் சன்னலோரம் வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இங்கேதான் பல வகுப்புகள் ஏமாறுகின்றன. முதலில் வருவது இரண்டு விதையிலைகள், அடுத்து வருவது ஒற்றை இலை. மூன்றாகப் பிரிந்த இலை அதற்குப் பிறகுதான் வரும். மார்ச் முதல் தேதி விதைத்தால் விழாவன்று மேசையில் நிற்பது ஷாம்ராக் போலவே தோன்றாத ஒரு பச்சைக் கூட்டம்தான். ஐந்து வாரம் முன்னதாக விதைத்தால், பிள்ளைக்கு ஒரு கோப்பை என்று வரிசையாக வைத்து மேசைகளின் நடுவை நிரப்பலாம். வாஷிங்டனில் 1952 முதல் நடந்துவரும் வழக்கம் ஒன்று இதற்கு நல்ல துணைச் செய்தி. அயர்லாந்து அரசின் சார்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஷாம்ராக் ஆண்டுதோறும் அமெரிக்க அதிபருக்குப் போகிறது.

சிறு பிள்ளைகளுக்கு அச்சு வேலை பொருத்தம். குடைமிளகாயைக் குறுக்கே வெட்டினால் அதன் வெட்டு முகம் மூன்று மடல்களோ நான்கு மடல்களோ கொண்டிருக்கும். மூன்று மடல் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் விதைகளை எடுத்துவிட்டு, ஓரத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தைப் போக்கி, தட்டில் மெல்லிதாகப் பரப்பிய பச்சை வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் ஷாம்ராக் பதியும். காம்பைத் தூரிகையால் ஒரே இழுப்பில் வரைந்துவிடலாம். ஈரத்தை ஒற்றாமல் விட்டால் வண்ணம் நீர்த்து ஓடி, அச்சு கலங்கிப்போகும். உருளையாக விற்கும் பழுப்புத் தாளை மேசை நீளத்துக்கு விரித்து இப்படி அச்சிட்டால், விழாவுக்கான மேசை விரிப்பு தயார். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் விரிப்பைவிடச் செலவு குறைவு, பார்க்கவும் எவ்வளவோ மேல்.

பாட்ரிக் நாளின் மிகப் பழைய அலங்காரம் சுவரில் அல்ல, உடம்பில் இருந்தது. 1681இல் அயர்லாந்தில் பயணம் செய்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர், மார்ச் 17 அன்று எல்லாத் தரப்பு மக்களும் தொப்பியில் சிலுவைகள் அணிந்திருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். சிலருடையது குண்டூசிகளால் ஆனது, சிலருடையது பச்சை நாடாவால் ஆனது. பிற்காலத்தில் இது பிள்ளைகளின் கைவேலையாக மாறியது. ஒரு வட்டத்துக்குள் கவராயத்தால் சிலுவையும் வளைவுகளும் வரைந்து, வீட்டில் கிடைத்த நிறங்களைத் தீட்டி, சிறுவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். சிறுமிகள் இரண்டு அட்டைப் பட்டைகளைக் குறுக்காக வைத்து வண்ணப் பட்டுத் துணியைச் சுற்றி, நடுவே ஒரு நாடாப் பூ வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர்ப்புறங்களில் இருந்த இந்த வழக்கத்தின் மாதிரிகளை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது. பள்ளி விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம். தேவைப்படுவது தாள், கவராயம், வண்ணப் பென்சில், ஊக்கு, அவ்வளவுதான். கத்தோலிக்கப் பள்ளியில் அதைச் சிலுவையாகவே செய்யலாம். மதச் சார்பற்ற அரசுப் பள்ளியில் அதே வட்டத்துக்குள் யாழையோ ஷாம்ராக்கையோ வரையலாம். வடிவக் கணிதப் பாடத்துக்கும் அது உதவும்.

உயர் வகுப்புகள் ஒரு சுவரை முழுமையாக எடுத்துக்கொண்டு அயர்லாந்தின் ஒரு காலத்தைக் காட்டலாம். மீத் மாவட்டத்தில் உள்ள நியூகிரேஞ்ச் கல்லறை ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டப்பட்டது, எகிப்தின் பெரிய பிரமிடைவிடப் பழையது. அதன் வாயிற்கல்லிலும் உள்ளறையிலும் சுழல் வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செல்டிக் சுழல் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், செல்டிக் மொழி பேசியவர்களின் காலத்துக்கு மிக முந்தையவர்களின் கைவேலை அது. சாம்பல் நிறத் தாளைக் கசக்கி விரித்துப் பாறை போலாக்கி, அதன் மேல் தடித்த கயிற்றைச் சுழலாக ஒட்டி வெள்ளை பூசினால் கல் செதுக்கலின் தோற்றம் வந்துவிடும். குளிர்கால நீள்இரவு கழிந்த விடியலில் சூரியக் கதிர் ஒரு சிறு திறப்பு வழியாக உள்ளறை வரை பாயும்படி அது கட்டப்பட்டிருக்கிறது என்பதை, சுவரில் ஒரு மஞ்சள் காகிதப் பட்டையால் காட்டலாம். இன்னொரு வகுப்பு 'கெல்ஸ் நூல்' பக்கத்தை எடுக்கலாம். கி.பி. 800 வாக்கில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல் அது, இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. ஒரு எழுத்தையே ஒரு பக்கம் முழுக்கப் பின்னிப் பிணைந்த கொடிகளும் விலங்குகளுமாக வளர்த்துவிடும் கலை அதில் உள்ளது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதல் எழுத்தை அந்தப் பாணியில் வரைந்தால், வகுப்பறைக் கதவில் ஒட்ட ஆளுக்கு ஒரு பக்கம் கிடைக்கும்.

பிள்ளைகளை அதிகம் ஈர்ப்பது ஓகம் எழுத்து. 4ஆம் நூற்றாண்டு முதல் கற்களின் விளிம்புகளில் பெயர்களைப் பொறிக்கப் பயன்பட்ட முறை அது. இத்தகைய கற்கள் 400 அளவில் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் அயர்லாந்தின் தெற்கில். எழுத்துகள் இருபது, ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதல் குழுவின் கோடுகள் வலப்பக்கம் நீளும், இரண்டாவதன் கோடுகள் இடப்பக்கம், மூன்றாவதன் கோடுகள் சாய்வாக நடுக்கோட்டைக் கடந்து செல்லும். உயிரெழுத்துகள் கோட்டின் மேலேயே குறுகிய வெட்டுகளாக இருக்கும். அயர்லாந்தில் பரவலான நோரா என்ற பெயரை எழுத வேண்டுமென்றால், கீழே வலப்பக்கம் ஐந்து கோடு 'ந்' ஆகும், அதன் மேல் இரண்டு குறு வெட்டு 'ஓ', அதற்கும் மேல் ஐந்து சாய்கோடு 'ர்', உச்சியில் ஒற்றை வெட்டு 'ஆ'. பழுப்பு அட்டையை நீளவாக்கில் நடுவே மடித்து, மடிப்பையே நடுக்கோடாகக் கொண்டு கறுப்பு மையால் எழுதினால், மேசையில் தானாக நிற்கும் பெயர்க்கல் தயார். விருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் காட்டும் அட்டையாகவும் அது பயன்படும்.

மூலையில் உயரமாக எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் ஜயன்ட்ஸ் காஸ்வே இருக்கிறது. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையில் ஏறத்தாழ 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணங்கள். ஃபின் மக்கூல் என்ற பூதவீரன் ஸ்காட்லாந்துப் பூதத்தோடு மோதப் போட்ட பாதை அது என்பது நாட்டார் கதை. தடித்த கருஞ்சாம்பல் தாளை ஏழு சமப் பட்டைகளாக மடித்து, ஏழாவதை முதலாவதன் மேல் ஒட்டினால் அறுகோணத் தூண் நிற்கும். வெவ்வேறு உயரங்களில் நாற்பது ஐம்பது தூண்களை நெருக்கி வைத்தால் போதும்.

யாழ் அயர்லாந்து அரசின் சின்னம், 1928 முதல் நாணயங்களில் இருப்பது. டிரினிட்டி கல்லூரியில் உள்ள பழைய யாழ் ஒன்றுதான் அதற்கு மாதிரி. அட்டையில் வெட்டும்போது பக்கம் பார்த்து வெட்ட வேண்டும். கின்னஸ் பீர் நிறுவனம் 1876இலேயே யாழை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அதன் நேர் விளிம்பு இடப்பக்கம் இருக்கும், அரசுச் சின்னத்தில் வலப்பக்கம். பள்ளிச் சுவரில் பீர் விளம்பரம் ஏறிவிடாமல் இருக்க அந்த ஒரு திருப்பம் போதும்.

குள்ளன் லெப்ரகானை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, கதையில் அவன் செய்யும் தொழிலோடு சேர்த்துக் கொண்டுவரலாம். அவன் செருப்பு தைப்பவன், தனியாக இருப்பவன், பிடிபட்டால் தந்திரமாகத் தப்புபவன். 1831இல் சாமுவேல் லவர் எழுதிய கதைத் தொகுப்பில் அவன் அணிந்திருப்பது சிவப்புக் கோட்டு. பச்சை உடை பிற்பாடு வந்தது. சன்னலோரத்தில் ஒரு சின்னப் பட்டறை, அதில் களிமண்ணால் செய்த விரல் நீளச் செருப்புகள், நூல்கண்டு, பாதி தைத்த பூட்ஸ் ஒன்று என்று வைத்தால், சிறு வகுப்புப் பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பரவியிருக்கும் லெப்ரகான் பொறி செய்யும் வழக்கமும் இங்கே இணையும். காலணிப் பெட்டியில் ஏணி, சறுக்கு, விழுகிற மூடி வைத்துப் பிள்ளைகள் செய்து வரும் பொறிகளை இந்தப் பட்டறையைச் சுற்றி அடுக்கலாம். வானவில் கட்டுவதென்றால் வெளி வளைவு சிவப்பாகவும் உள் வளைவு ஊதாவாகவும் இருக்க வேண்டும். வகுப்புக் கதவை ஒட்டி அரைவட்டமாகக் கிரேப் காகிதப் பட்டைகளால் கட்டுவது எளிது. பாட்ரிக் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டினார் என்ற கதைக்கு, வட்டத் தாளைச் சுருளாக வெட்டித் தொங்கவிட்ட பாம்புகளை நடைபாதையில் வெளிவாசல் நோக்கி வரிசையாக ஓடவிடலாம். பனி யுகத்துக்குப் பிறகு அந்தத் தீவுக்குப் பாம்புகள் வந்து சேரவே இல்லை என்ற அறிவியல் குறிப்பைக் கடைசிப் பாம்பின் மேல் எழுதி வைக்கலாம்.

வாசலின் மேல் ஐரிஷ் மொழியில் 'கேட் மீலா ஃபால்ச்சா' என்ற வரவேற்பு வரி அழகாக இருக்கும். நூறாயிரம் நல்வரவு என்று பொருள். எழுதும்போது சில உயிரெழுத்துகளின் தலையில் வரும் சாய்கோட்டை விட்டுவிடக் கூடாது, விட்டால் சொல்லே வேறாகிவிடலாம். அந்த மொழியில் விழா வாழ்த்துக்கு ஒருமை வடிவமும் பன்மை வடிவமும் தனித்தனியாக உண்டு. சுவரில் எழுதுவது எல்லோருக்குமான வாழ்த்து என்பதால் பன்மை வடிவம்தான் சரி.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்யத் தேவையில்லை. ஒரு கூடத்துக்கு ஒரு பெரிய சுவர், ஒரு தோரணம், மேசைகள், ஒரு மூலை என்ற அளவே போதும். ஒவ்வொரு சாமானுக்கும் நடுவே வெறும் சுவர் தெரிந்தால்தான் கண்ணுக்கு ஓய்வு இருக்கும். அளவைக் குறைப்பதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிகளின்படி, தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத பள்ளிக் கட்டடத்தில் ஒரு சுவரின் 20 சதவீதத்துக்கு மேல் காகித வேலைகளை ஒட்டக் கூடாது. நீர்த்தெளிப்பான் உள்ள கட்டடத்தில் 50 சதவீதம் வரை ஒட்டலாம். வெளியேறும் கதவு, அதன் மேலுள்ள விளக்கு, தீயணைப்புக் கருவி, நீர்த்தெளிப்பான் முனை ஆகியவற்றின் மேல் எதையும் கட்டவோ தொங்கவிடவோ கூடாது. வானவில்லை வெளிவாசலில் கட்டாமல் உள்ளே வகுப்புக் கதவில் கட்டச் சொல்வதும் இதற்காகத்தான். ரப்பர் பலூன் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை தரும், உடைந்த துண்டு தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. சிறு வகுப்புகளில் அதற்குப் பதிலாகக் காகித உருண்டைகள் நல்லவை. தரையில் சிதறும் ஜிகினாத் தூளைத் தவிர்த்தால் துப்புரவுப் பணியாளர்கள் வாழ்த்துவார்கள். சுவர்ப் பூச்சைப் பெயர்க்காத நீலநிற வண்ணப்பூச்சு நாடாவையே ஒட்டப் பயன்படுத்த வேண்டும்.

நேரத்தைப் பங்கிடுவதும் திட்டத்தின் பாகம். பிப்ரவரி தொடக்கத்தில் விதையும் இடத்தின் அளவெடுப்பும். பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் எந்த வகுப்புக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் முதல் இரண்டு வாரங்கள் கைவேலைக்கு. அயர்லாந்துப் பள்ளிகளில் மார்ச் 1 முதல் 17 வரை 'ஐரிஷ் மொழி வாரம்' என்ற பெயரில் விழா நடப்பதால், அங்கும் இதே நாட்களில்தான் சுவர்கள் நிறையத் தொடங்கும். கட்டும் வேலையை முந்தின நாள் மாலையில் பெற்றோர் சிலருடன் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். குடைமிளகாய் அச்சு, மேசை விரிப்பு போன்றவை நன்றாக உலர ஒரு இரவு தேவை என்பதால் அவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது.

உணவு மேசையும் அலங்காரத்தில் சேரும். பச்சைச் சாயம் கலந்த கேக்கும் பானமும் அமெரிக்க வழக்கம். உருண்டையாகச் சுட்டு மேலே குறுக்காகக் கீறிய சோடா ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆப்பிள் ஆகியவற்றை மரப்பலகைகளில் வைத்தாலே அயர்லாந்துப் பண்ணை வீட்டு மேசை போலாகிவிடும். பால், கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு வேறு தட்டும், எதில் என்ன இருக்கிறது என்ற சீட்டும் அவசியம்.

விழா முடிந்ததும் மாவட்டத் தோரணத்தையும் காஸ்வே தூண்களையும் பெட்டியில் போட்டு எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். தூண்களின் ஒட்டைப் பிரித்துத் தட்டையாக்கினால் இடம் அடைக்காது. ஓகம் கற்களும் மார்புச் சின்னங்களும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போக வேண்டியவை. குளோவர் கோப்பைகளை உறைபனிக் காலம் கடந்ததும் பள்ளித் தோட்டத்தில் நட்டுவிடலாம், வெள்ளைக் குளோவர் பல ஆண்டுகள் வாழும் செடி. அந்தப் பாத்தியை மிதிபடாமல் காத்தால், அடுத்த பிப்ரவரியில் விதை வாங்க வேண்டியிருக்காது. வேரோடு சிறு துண்டுகளாகப் பெயர்த்துக் கோப்பைக்கு மாற்றிச் சன்னலோரம் வைத்தால் மார்ச் 17க்குள் இலை விட்டுவிடும்.